எங்கள் கிணற்றில் அடித்த புயல்

வங்கக் கடலின் உப்பைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இப்போது என் உத்தியோகம். மழைக்காலம் முடிந்ததும் கடலின் மேல்மட்டத்தில் உப்புக் குறையும். மழைத் தண்ணீரும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரும் உப்புத் தண்ணீர்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். புயல் ஒன்று வந்து கலக்கினால் போதும், கீழே கிடந்த உப்பு மேலே வந்துவிடும். திரையில் அந்தக் கோடு ஏறும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் நினைவு வரும். அவருடைய கல்யாணம் நின்றுபோனது என்னால்தான்.

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தோல் பதனிடும் இடங்களில் உதறிப் போட்ட உப்பெல்லாம் வருஷக்கணக்கில் மண்ணில் இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தது. ரசத்துக்குத் தனியாக உப்பு எதற்கு என்று அம்மா கேலி செய்வாள். குடிக்கக் கேன் தண்ணீர்தான். எங்கள் பக்கம் பெண் கொடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்புறம்தான் விசாரிப்பார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்த சித்தப்பாவுக்கு முப்பத்து மூன்று வயதாகியிருந்தது. அதுவரை வந்த இரண்டு வீட்டாரும் ஒரு மடக்கு குடித்ததோடு எழுந்து போய்விட்டார்கள்.

ஆறாவது படிக்கும்போது பள்ளிக் கண்காட்சிக்காக நான் ஒரு கடல் செய்தேன். கண்ணாடி ஜாடியில் பீட்ரூட் சாறு கலந்த உப்புத் தண்ணீர். அதன்மேல் கரண்டியைச் சாய்த்து மெதுவாக ஊற்றிய நல்ல தண்ணீர். கரண்டியைப் பிடித்துக்கொண்டவர் சித்தப்பா. சிவப்பு கீழேயே நின்றது. வீட்டில் வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த ஜாடியை அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

“கெணத்துலயும் இப்டி நிக்குமா?” என்றார்.

“கலக்காம இருந்தா நிக்கும்,” என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. நெமிலியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா சம்பந்தம் பேச வரப்போவதாகத் தகவல் வந்ததும் சித்தப்பா கிணற்று மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் வாளி விடக் கூடாது என்று உத்தரவு வேறு. நான்கு நாள் பக்கத்து வீட்டில் இரவல் தண்ணீர் வாங்கிக் குளித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா இரண்டு உறவினர்களோடு வந்தார். சித்தப்பா சின்னச் சொம்பில் கயிறு கட்டி, தண்ணீருக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மேலாக மொண்டு கொடுத்தார். வந்தவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.

“இந்தப் பக்கம் இவ்ளோ நல்ல தண்ணியா! உங்க அதிர்ஷ்டம்தாங்க,” என்றார் என் அப்பாவிடம்.

“சாமி குடுத்தது,” என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்காட்சியில் எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. இப்போது என் விஞ்ஞானத்துக்கு வர வேண்டிய பேரையும் சாமி தட்டிக்கொண்டு போவதா?

“மேலதான் தாத்தா நல்ல தண்ணி. கீழ ஒரே உப்பு,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வீம்பை ஏற்றிவிட்டது. ஓடிப்போய் இரும்பு வாளியைக் கிணற்றில் இறக்கினேன். “இப்ப புயல் வருது பாருங்க!” என்று கத்தியபடி கயிற்றை மேலும் கீழும் ஆட்டிக் கலக்கினேன். அம்மா வந்து என் கையைப் பிடிப்பதற்குள் வாளி மேலே வந்துவிட்டது. டம்ளரில் ஊற்றி நானே நீட்டினேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, மரியாதை தெரிந்தவர். டம்ளரைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார்.

“பாப்பா கெட்டிக்காரி. நாங்க ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்,” என்றார்.

அவர்கள் கிளம்பியதும், டம்ளரில் மீதியிருந்ததைச் சித்தப்பா எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். என்னை அடிக்க ஓங்கிய அம்மாவின் கையையும் அவர்தான் தடுத்தார். நெமிலியிலிருந்து யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவர் பெண் பார்க்கவே சம்மதிக்கவில்லை.

ஒரு பெண்ணை உப்புத் தண்ணீரிலிருந்து காப்பாற்றினேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா அதையும் கெடுத்தாள். அந்தப் பெண்ணும் சித்தப்பாவும் ஒரே கம்பெனியாம், நாலு வருஷப் பழக்கமாம். எங்கள் கிணற்றின் லட்சணம் அவளுக்கு நன்றாகவே தெரியுமாம். “எங்கப்பா ஒரு வாய் குடிச்சி நல்லாருக்குன்னு சொல்லட்டும், மத்தத நான் பாத்துக்குறேன்,” என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தவளே அவள்தானாம். அடுத்த தையில் அவளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இன்றுவரை சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் சித்தப்பா பையிலிருந்த ஃபியூஸை எடுத்து மாட்டி மோட்டாரைப் போட்டார். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் நிறுத்தாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

“நான் சொன்னது கரெக்ட்தானே சித்தப்பா?”

“கரெக்ட்தாம்மா,” என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் சோதனை எங்கள் கிணற்றிலும் சரியாக வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.