மாவ்பிக்குப் போன நூற்றுப் பன்னிரண்டு பக்கம்

ஜனவரியில் ஐந்து நாள் யாங்கோன். பகோடா பார்க்க அல்ல. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் முன்வரிசைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே வாழ்க்கையை மா கலா பர்மிய மொழியில் எழுதி முடித்திருந்தார். யாங்கோனின் தாமுவே பகுதியில் தையற்கடை வைத்திருப்பவர். அப்பா தமிழர், அம்மா பர்மியர். எனக்கு இணையத்தில் அறிமுகம்.

கையெழுத்தில் 112 பக்கம். ஒரே பிரதி. போனில் படமெடுத்துக் கொண்டுபோக முடியாது; வழியில் முதலில் போனைத்தான் பார்ப்பார்கள். யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி ஊரில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வாசிக்கக் காத்திருந்தார்கள். சுமார் 45 கிலோமீட்டர், இரண்டு சோதனைச்சாவடி. ராணுவ ஆட்சியில் இது கம்யூனிஸ்ட் புத்தகம்; சிக்கினால் கலாவுக்குச் சிறை.

பெண்கள் இடுப்பில் உடுத்தும் லுங்கிக்குத் தமெய்ன் என்று பெயர். ஆண் அதைத் தொட்டாலோ, அது அவன் தலைப்பக்கம் வந்தாலோ அவன் மகிமை போய்விடும் என்பது நம்பிக்கை. தாமுவே சந்தையில் 15,000 கியாட்டுக்கு ஒன்று வாங்கி, பைக்குள் காகிதங்களின் மேல் வைத்தேன்.

கலா தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "கடை மடிப்புகூட கலையல, தங்கச்சி. இதுக்கு எவன் பயப்படுவான்? உடுத்தினது வேணும்." தன் நேற்றைய தமெய்னை எடுத்துப் போட்டார்.

காலை 8:10. பேரம் பேசி டாக்சி 60,000 கியாட். பையை ஓட்டுநர் இருக்கையின் தலைப்பக்கம் சாய்த்தேன். திறந்த ஜிப் வழியே தமெய்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓட்டுநர் ஊ தின் ஏதோ முணுமுணுத்தார். கலா மொழிபெயர்த்தார்: "கீழ வைக்கச் சொல்றாரு. அவரு மகிமை அவரு சம்சாரத்துக்கு வேணுமாம்."

காலடிக்கு மாற்றினேன்.

முதல் சாவடியில் கையசைத்து விட்டார்கள். இரண்டாவதில், 9:25, என் வயதுச் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்தான். கலா பர்மிய மொழியில் மூன்றே சொல் சொன்னார். துவைக்காத துணி, தம்பி. அவன் கை அந்தரத்தில் நின்றது. ஜிப்பைக்கூட மூடாமல் போகச் சொன்னான்.

அந்த இத்தாலியப் பெண் போர்க்காலத்தில் துண்டறிக்கைகளைக் குழந்தையின் ஈரத்துணிக்கு அடியில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோனவர். அந்த அத்தியாயத்தை நான் எழுதி முடித்திருந்தேன். வீரம் என்ற சொல் மூன்று இடத்தில்.

"அவங்க பயந்தாங்கன்னு எழுதினியா?" என்றார் கலா. அவர் கை சில்லென்று இருந்தது.

"இல்ல."

"நான் எழுதியிருக்கேன்."

மாவ்பியில் ஒரு சோற்றுக்கடையின் பின்னறை. பதினொரு பெண்கள். கலா பக்கங்களைப் பிரித்து ஆளுக்குப் பத்தாகக் கொடுத்தார். மிச்சம் இரண்டு அவரிடம். ஒருவர் சிக்கினாலும் புத்தகம் சிக்காது. வாரந்தோறும் மாற்றிக்கொள்வார்கள்.

போகிறவர்களுக்கு: மடிப்பில்லாத டாலர் நோட்டு எடுத்துச் செல்லுங்கள்; மடங்கியதை மாற்றித் தரமாட்டார்கள். மாலை ஐந்துக்குள் நகருக்குத் திரும்புங்கள். இதில் பெயர்களையும் சில இடங்களையும் மாற்றியிருக்கிறேன். நீங்களும் ஊர்க்காரர்கள் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள்.

திரும்பியதும் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். இப்போது அதில் அந்த இத்தாலியப் பெண்ணுக்குக் கை சில்லிடுகிறது. சைக்கிள் நிற்கவில்லை.

தமெய்ன் வாங்குங்கள். வாங்கியதை ஒரு நாளாவது உடுத்துங்கள்.