கப்பல் வராத பாட்டு

சைத்தூன் பீவி குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ஹபீப் முகம்மது குவைத்தில் இருந்தான். தொண்ணூறாம் வருஷக் கோடையில் நாத்தனார் கல்யாணம். மருதாணி வைக்கிற பெண்கள் பாடச்சொல்லி வற்புறுத்தினார்கள். சைத்தூன் அங்கேயே ஒரு கதைப்பாட்டைக் கட்டினாள். பூம்புகாரில் ஒரு பெண் முத்து வியாபாரியை நேசித்தாள். கடலுக்குப் போனவன் திரும்பவேயில்லை.

“வெளக்கேத்தி நிக்கிறேன் மச்சான், வெள்ளி மொளச்சாச்சு,
ஒங்க கப்பலக் காணலயே, கண்ணும் வத்திப்போச்சு.”

பெண்களெல்லாம் அழுதார்கள். பாட்டு தெருத்தெருவாகப் பரவியது. மனைவிமார் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு வெளிநாடு கிளம்பிய ஆண்களின் வாயிலும் ஏறிக்கொண்டது.

ஆகஸ்டில் குவைத்துக்குள் படை புகுந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. சைத்தூன் ரேடியோவை விட்டு நகரவில்லை. ஹபீபிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ‘வராதவனைப் பாடினேனே, நான்தான் வாய்வைத்துவிட்டேனோ’ என்ற எண்ணம் சோற்றில் கைவைக்கவிடவில்லை. கப்பல் திரும்பி வருவதாக ஒரு முடிவைக் கட்டி, பார்த்தவர்களிடமெல்லாம் இதைப் பாடுங்கள் என்று கெஞ்சினாள். யாரும் பாடவில்லை.

பக்கத்து வீட்டு அனீஸாவின் கணவனும் குவைத்தில்தான் இருந்தான். “வந்தவன் பொஞ்சாதி எதுக்குடி பாடப்போறா? வராதவனுக்குத்தானே பாட்டு. பழசையே பாடு, அழுதாலாவது நெஞ்சு லேசாவும்” என்றாள்.

“வேணாங்க்கா, எனக்குப் பயமாயிருக்கு.”

ஒரு மத்தியானம் மாமியார் ஜன்னத் பீவி கூப்பிட்டார். “அந்தப் பாட்டு நீ கட்டுனதுதானே?”

“மாமி, தெரியாமப் பாடிட்டேன்...”

“தொழுதுட்டு எந்திரிச்சா அதுதான் வாயில வருது. நிறுத்த முடியல புள்ளே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்க வந்து உக்காரு.”

இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபரில், ஜோர்டான் போய், பம்பாய் வந்து, ஹபீப் வீடு சேர்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். தொட்டால் மறைந்துவிடுவானோ என்று சைத்தூன் தள்ளியே நின்றாள்.

“பாலைவனத்துல கூடாரத்துல கெடந்தோம். நீடூர்க்காரர் ஒருத்தர் பாடுனாரு, ‘வெளக்கேத்தி நிக்கிறேன்’னு. அத்தன ஆம்பளைங்களும் அழுதோம். யாரு கட்டுனதுன்னு கேட்டா, ரொம்பப் பழைய பாட்டுன்னாரு.”

அவன் பாட வாயெடுக்க, சைத்தூன் பாய்ந்து பொத்தினாள். “பாடாதீங்க! நான் கட்டுனதுதான். பாடாதீங்க.”

அனீஸாவின் கணவன் கடைசிவரை வரவில்லை.

ஹபீப் பிறகு துபாய்க்குப் போனான், லீவுக்கு லீவு வந்தான். பாட்டு கேசட்டில் வந்தது, பின்னால் செல்போனுக்குள்ளும் போனது. ஊருக்கு ஊர் பெயர்களை மாற்றிப் பாடுகிறார்கள். முடிவை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது அதைத் தொடங்கினால் சைத்தூன் எழுந்து போய்விடுவாள். அனீஸா பாடும்போது மட்டும் எழ மனம் வராது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹபீபின் பெயரை மனதுக்குள் சொன்னபடி, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.