இறுக்கக் கூடாத தக்கை

அந்தத் தக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. தெர்மாகோலில் செய்தது, ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டது. இடுப்புயர அலுமினியக் கேனின் வாயில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். இறுக்கக் கூடாது. உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். தொட்டால் தோல் உரிந்துவிடும் அளவுக்குக் குளிர்ச்சி, ஆனாலும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போக வழி வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மேடம்.

1991இல் நான் வாடகைக்கு மெட்டடோர் வேன் ஓட்டினேன். பிள்ளைப்பாக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. வண்டியின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்வேன், அவ்வளவுதான் படிப்பு. மேடம் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. அங்கே நைட்ரஜன் செய்யும் மெஷின் கெட்டதால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து கேஸ் கம்பெனியில் நைட்ரஜன் பிடித்துவர என்னைக் கூப்பிட்டார்கள். ஒரகடம் வழியாகத்தான் போக வேண்டும். இன்று கம்பெனிகள் நிற்கும் இடமெல்லாம் அப்போது வேர்க்கடலைக் கொல்லை.

என்ன ஆராய்ச்சி என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கல்லை நல்லாக் குளிரவெச்சா அதுல கரண்ட் துளி நஷ்டமில்லாம ஓடும். ஆனா காந்தம் வந்தா அந்தக் குணம் கெட்டுப்போகும். ஒண்ணுக்கொண்ணு ஆகாத இந்த ரெண்டும் ஒரே கல்லுக்குள்ள குடித்தனம் பண்ணுமான்னு பாக்கறேன்" என்றார்.

"எங்கூட்டுக்கு வாங்க மேடம். என் பொண்டாட்டியும் எங்கம்மாவும் பண்ணிகினுதான் கீறாங்க."

சிரித்தார். தலை நரைக்கத் தொடங்கிய வயதிலும் அந்த ஒரே கேள்வியோடுதான் இருந்தார்.

நான் சொல்லவந்த நாளில் அவர் சிரிக்கவில்லை. கூடத்தில் அவருடைய கல், ஹீலியம் என்ற இன்னொரு திரவத்துக்குள் இருந்தது. அதை வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தார். சுற்றிலும் நைட்ரஜன் இருக்கிறவரைதான் ஹீலியம் தங்கும். பொழுது சாய்வதற்குள் நாங்கள் போய்ச் சேராவிட்டால் எல்லாம் ஆவி. கேஸ் கம்பெனியில் இரண்டு கேன் பிடித்து ஏற்றிக்கொண்டு மேடமும் நானும் திரும்பினோம்.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒரு பெண் என்பதால், அப்போதெல்லாம் பெண்களின் கைப்பையைக்கூட போலீஸ் குடைந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திறந்தார்.

"இன்னாமா இது, புகையுது?"

"நைட்ரஜன் சார். ஆராய்ச்சிக்கு."

"மொதல்ல அத்த இறுக்கி மூடு."

"மூடக் கூடாது சார். மூடினா வெடிச்சிரும்."

அந்த இடத்தில், அந்த மாதத்தில், அந்த வார்த்தை. சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். துப்பாக்கிகள் எழுந்தன. "டேய் டிரைவர், எறங்குடா கீழ!" என்ற சத்தத்தில் என் கால் செருப்பைத் தேடவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் சாக்கும் கம்பியும் எடுத்து வந்தார். "வாயில திணிச்சிக் கட்டிட்டா அடங்கிடும் சார்."

மேடம் வண்டிக்குள் ஏறி இரண்டு கேனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். குரல் நடுங்கவில்லை. "கட்டறதா இருந்தா என்னையும் சேத்துக் கட்டுங்க. அப்புறம் எல்லாரும் தூரப் போயிடுங்க."

வெயில் ஏறியது. புகை வந்துகொண்டே இருந்தது. அவருடைய நேரம் அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள வேற ஒண்ணுமில்லன்னு நான் எப்டிம்மா நம்புறது?" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது குரல் இறங்கியிருந்தது.

மேடம் வெயிலைப் பார்த்தார். கேன்களைப் பார்த்தார். "ஒண்ணைக் கொட்டிக் காட்டறேன். இன்னொண்ணை நம்பி விட்டுடணும்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். நானும் மேடமும் கேனை இறக்கிச் சாய்த்தோம். ரோடெல்லாம் வெள்ளை மேகம். தாரில் முத்து முத்தாக ஓடியது, பிறகு ஒன்றுமில்லை.

"இன்னா சார், ஈரமே காணோம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"காத்துங்க. நாம இழுக்கற மூச்சுல பெரும்பங்கு இதுதான்" என்றார் மேடம். காலிக் கேனின் தக்கையை என் சட்டைப் பையில் செருகியது நினைவில்லை.

மிச்சமிருந்த கேன் பாதி வேலைக்குத்தான் வந்தது. கல்லின் குணத்தை அளந்து அளந்து அவர் காகிதத்தில் வரைந்த கோடு நடுவில் நின்றுபோனது. அடுத்த ஹீலியம் வருவதற்குள் வேறு தேசத்தில் யாரோ முழுக்கோட்டையும் போட்டுவிட்டார்கள். மேடம் அதற்குப் பிறகும் வேறு வேறு கற்களோடு அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிட்டயராகிற அன்று வீட்டில் கொண்டுபோய் விட்டேன். "அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"சொல்லாம இருந்தா மூடியிருப்பாங்க மேடம்" என்றேன்.

இறங்கும்போது, "ஆமாம்ல?" என்றார்.

போன வாரம் ஒரகடம் சிக்னலில் பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு நைட்ரஜன் டேங்கர் 'ஸ்ஸ்' என்று வெள்ளையாக மூச்சுவிட்டது. ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது.