ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒரு கட்டம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்வதே இல்லை என்று, கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கும் கணினி கண்டுபிடித்தது. செய்தி வந்தபோது நான் ஹட்டனில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஓய்வூதியம் பெறுபவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியில் பேசியவர் நான் கடைசியாக வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் மண்சரிவு ஆய்வாளர். நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில் அவருடைய விடுமுறை விண்ணப்பங்களை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றிலும் திகதி பிழை. அப்படியும் என்மீது அவருக்கு மரியாதை இருந்தது.

"சேர், ஒரு சின்ன சந்தேகம். அந்தத் தோட்டத்து மழைப் பதிவேட்டில ஞாயிற்றுக்கிழமை வந்தா ஒரு கோடு மட்டும் போட்டிருக்கு. கோடுன்னா மழை இல்லைன்னு அர்த்தமா?"

"யார் போட்ட கோடு?"

"பக்கத்துக்குப் பக்கம் அடியில உங்க கையெழுத்து இருக்கு சேர்."

படிவத்தை மூடி வைத்தேன்.

விஷயம் இதுதான். தேயிலை விளையும் சில நாடுகள் சேர்ந்து தங்கள் மழை, மண், மண்சரிவுப் பதிவுகளை எல்லாம் ஒரே மின்னணுக் களஞ்சியத்தில் போடுவதென்று முடிவு செய்திருந்தன. அவற்றை ஆராயும் பெரிய கணினியைத் தனியாக வாங்கும் வசதி எந்த நாட்டுக்கும் இல்லை. ஒரு நாட்டில் வைத்துவிட்டு எல்லோரும் தூரத்திலிருந்து பயன்படுத்துவது என்பது ஏற்பாடு. யார் தரலாம், யார் எடுக்கலாம், பிழை வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் ஒரு பொதுக் கொள்கை வரைவும் தயாராகியிருந்தது. நம் நாட்டுக் குழுவில் என்னையும் ஆலோசகராகச் சேர்த்திருந்தார்கள். சுற்றுநிருபம் படித்தால் சந்தோஷப்படும் ஆள் என்று என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். பொய்யில்லை.

அந்த வரைவை நான் இரண்டு முறை படித்திருந்தேன். "தரவு" என்றால் என்ன, "பயனர்" என்றால் யார் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது. அளக்காமல் விட்ட நாளை எப்படிப் பதிவது என்று ஒரு வரி இல்லை. எண் இல்லாத கட்டத்தைக் கணினி பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. எனக்கும் அது தோன்றவில்லை. கோடு போட்டவனுக்கே தோன்றாதபோது கணினியைக் குறை சொல்ல முடியாது.

ஆய்வாளர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு சரிவுக்குக் கீழே தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் இருக்கிறது. ஒரே நாளில் எவ்வளவு மழை பெய்தால் அங்கிருந்து சனங்களை வெளியேற்ற வேண்டும் என்ற எல்லையைக் கணினி இந்தப் பதிவேட்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. ஞாயிறு பூச்சியம், திங்கள் பெருமழை, ஆனால் சரிவு அப்படியே நின்றிருக்கிறது. அப்படியானால் ஒரே நாளில் அவ்வளவு மழையைத் தாங்கும் மலை இது என்று அது முடிவு கட்டியிருந்தது. உண்மையில் அது இரண்டு நாள் மழை. எல்லை உயரப் போய்விட்டது. எச்சரிக்கை வரும்போது லயத்துக்குள் சேறு வந்திருக்கும்.

"கொள்கையை முடிவாக்குற கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் சேர் இருக்கு. அதுக்குப் பிறகு பதிவுகளைப் பூட்டிடுவாங்க. அடுத்த திருத்தத்துக்குச் சில வருஷம் ஆகும்."

அடுத்த நாள் காலை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினேன்.

அந்தத் தோட்டத்து ஆபீசில்தான் நான் முதன்முதலாகக் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்தேன். உயர்தரம் முடித்த கையோடு வந்த எனக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு இருப்பதாகவும், பதிவேட்டில் இல்லாதது உலகத்தில் இல்லை என்றும் நம்பிக்கை. ஆபீஸ் வாசலில் புல் வெட்டிய ஒரு சதுரத்தில் மழைமானி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டவர் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததால் இலேசான வேலை கொடுக்கப்பட்ட ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்து சனங்கள் மலைக்கு ஏறியதும், ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, மழைமானிக்குள் இருந்த தண்ணீரை அளவு கிளாசில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். ஈரப் புகை வாசமும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் இலை வறுபடும் வாசமும் கலந்து வரும் அந்த நேரத்தை இன்றைக்கும் என்னால் மூக்கால் நினைத்துப் பார்க்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, ஆபீஸ் பூட்டு. அளவு கிளாஸ் அலுமாரிக்குள். அந்த அக்கா என்ன செய்தார் என்றால், ஞாயிறு காலையில் வந்து தண்ணீரை ஒரு கழுவிய அரிஷ்டப் போத்தலில் ஊற்றி, மூடி, ஆபீஸ் படியில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை போத்தல் தண்ணீரையும் மானித் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து இரண்டு எண் சொன்னார்.

நான் பேனாவை மூடினேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மூடி. மூடின நாள்ல எப்படி வாசிப்பு எழுதுறது? யார் திறந்ததுன்னு கேள்வி வரும்."

"நான் ஆபீசத் தொறக்கலியேங்க. போத்தலத்தான் தொறந்தேன்."

"சட்டப்படி வாசிச்ச திகதியிலதான் எழுதணும். ரெண்டையும் கூட்டித் திங்கக்கிழமைல போட்டுர்றேன். ஞாயித்துக்குக் கோடு."

"அப்ப ஞாயித்துக்கெழம பேஞ்ச மழை?"

"திங்கக்கிழமைக்குப் போயிரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிங்க. மழைக்கும் திங்கக்கெழமதான் பெரட்டு போல."

பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு கிளாக்கர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கோட்டை அடிமட்டம் வைத்துப் போட்டேன். நான் அங்கிருந்த வருடங்கள் முழுக்க அப்படியே நடந்தது. நான் போன பிறகு வந்தவர்களும் என் கோட்டை அப்படியே தொடர்ந்திருக்கிறார்கள். ஒரு நிர்வாகி விட்டுப்போகக்கூடிய நினைவுச்சின்னம் வேறென்ன.

லயத்துக்கு நடந்து ஏறியபோது மூச்சு வாங்கியது. ஆபீஸ் கட்டடம் வேறு நிறம். மழைமானி நின்ற இடத்தில் இப்போது தானாக எண் அனுப்பும் கருவி ஒன்று, சூரியத் தகட்டோடு. அக்கா லயத்தின் கடைசி அறையான தன் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில், வாயில் புனல் செருகி, பக்கவாட்டில் அளவு குறித்த அரிஷ்டப் போத்தல் ஒன்று. அவர் முதுகுக்குப் பின்னால், கூரைக்கு மேலே, அந்தச் சரிவு.

"யாரு, கிளாக்கரய்யாவா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. பேனா மட்டும் அப்பிடியே பையில இருக்கு."

வந்த காரணத்தைச் சொன்னேன். நீளமாகச் சொன்னேன், ஏனென்றால் வெட்கமாக இருந்தது. கடைசியில், "அந்தப் போத்தல் கணக்கு ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்குமா அக்கா?" என்று கேட்டபோது, அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று எனக்கே தெரிந்தது.

"ஞாபகம் எங்கங்க இருக்கும். எழுதித்தான் வச்சிருக்கேன்."

உள்ளே போய் ஒரு சீனிச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே சுருட்டிய கலண்டர்கள். பஜாரில் முஸ்லிம் நானா ஒருவர் வருடா வருடம் கடைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மாதக் கலண்டர். சிவப்பு ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னதாக ஓர் எண். மழை இல்லாத ஞாயிற்றுக்குச் சின்ன வட்டம். அவர் ஒரு தடவைகூட கோடு போடவில்லை.

"எதுக்காக எழுதினீங்க?"

"அளந்தத எழுதாட்டி அளந்ததுக்கு என்னங்க அர்த்தம்? நீங்க அத திங்கக்கெழமல போட்டுட்டீங்க. அது ஒங்க புஸ்தகம். இது என் செவுரு."

மூன்று நாள் போய் வந்தேன். அவர் வாசிக்க, நான் மடிக்கணினியில் பதிந்தேன். அந்தக் காலத்து ஒழுங்கு அப்படியே திரும்பியது, அவர் எண் சொல்வதும் நான் எழுதுவதும். வித்தியாசம், இந்தத் தடவை நான் எதையும் கூட்டவில்லை. திங்கட்கிழமை எண்ணிலிருந்து ஞாயிற்றைக் கழித்து இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தேன். இரண்டு வருடக் கலண்டர் மட்டும் கிடைக்கவில்லை. மருமகள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போட்டுவிட்டாராம். "நல்ல தடிச்ச தாள் மாமி, அதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆமா, ரெண்டு வருஷ மழையில பூகோளம் படிச்சிருக்கானுக" என்றார் அக்கா.

கூட்டம் திரையில் நடந்தது. நான் கேட்டது ஒரே ஒரு திருத்தம். பூச்சியம் வேறு, அளக்கப்படாதது வேறு, அடுத்த நாளோடு சேர்த்து அளந்தது வேறு என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். கலண்டர் போன்ற பக்கப் பதிவுகள் இருந்தால் அவற்றையும் ஏற்க வேண்டும்.

கணினியை வைத்திருக்கும் நாட்டுச் சட்ட ஆலோசகர் மிகவும் பணிவாக மறுத்தார். கடைக் கலண்டர் ஓர் உத்தியோகபூர்வ ஆவணம் அல்ல என்றார். நான் அவருடைய வரைவின் இரண்டாம் பிரிவைத் திறந்து, "எந்த ஊடகத்திலும், அளவீட்டைச் செய்தவரால் பதியப்பட்டது" என்ற வரியை வாசித்துக் காட்டினேன். அவரே எழுதிய வரி. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் கற்றது இந்த ஒன்றுதான், விதியை எழுதியவர் அதைத் திரும்பப் படிப்பதில்லை. அவர் தன் வரைவைத் தேடித் திறந்தார். பிறகு வேறொரு நாட்டுப் பிரதிநிதி, அதுவரை பேசாமல் இருந்த பெண்மணி, ஒலிவாங்கியைத் திறந்தார். தங்கள் மலையில் சந்தை நாளன்று யாரும் மழைமானிப் பக்கம் போவதில்லை என்றும், தங்கள் பதிவேட்டின்படி சந்தை நாளில் மழை பெய்ததே இல்லை என்றும் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு நாடுகள் கையை உயர்த்தின.

திருத்தம் ஏற்கப்பட்டது. பதிவேட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் "அளவீட்டைச் செய்தவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. பதிவேட்டில் என் காலத்துப் பக்கங்கள் முழுக்க என் கையெழுத்து. அந்தக் கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். என் பெயரை அதற்குக் கீழே, "பிழை செய்தவர்" என்று ஒரு கட்டம் இருந்தால் போடலாம் என்று தேடினேன். அப்படி ஒன்று எந்தப் படிவத்திலும் இருப்பதில்லை.

ஞாயிறுகள் திரும்பி வந்ததும் அந்தச் சரிவின் எல்லை நன்றாகக் கீழே இறங்கியது. கிட்டத்தட்டப் பாதி என்று ஆய்வாளர் சொன்னார்.

சில மாதங்களுக்குப் பிறகு, விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அக்கா தன் மருமகளின் தொலைபேசியிலிருந்து அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், பாத்திரச் சத்தம்.

"எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிட்டாங்கய்யா. லயமே இங்கதான். கறி வச்சுக்கிட்டிருந்த சட்டியோட வந்திருக்காளுக. எல்லாரும் என்னையத்தான் திட்டுறாளுக, ஒன் கலண்டராலதான்டின்னு."

"சரிவு எப்படி இருக்கு?"

"அது அப்பிடியேதான் நிக்குது. ஒண்ணும் விழல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"விழாம இருக்கட்டும் அக்கா."

"இருக்கட்டும் இருக்கட்டும். அய்யா, ஒண்ணு கேக்கணும். அந்த மிசினு இன்னைக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கு?"

ஆய்வாளர் அனுப்பியிருந்த எண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

மறுமுனையில் அவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். ஏதோ உருளும் சத்தம், கண்ணாடிச் சத்தம்.

"கிட்டத்தட்ட சரிதான்" என்றார். "போத்தல்ல ஒரு சொட்டு கூட இருக்கு."