ஞாயிற்றுக்கிழமை வராத மூச்சுத்திணறல்

போன வாரம் ஒரு ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ராஜினாமா என்னுடையது அல்ல. ஆனால் கடிதத்தை எழுதிக் கொடுத்த புண்ணியவான் நான்தான்!

மத்திகிரியில் எங்கள் வீட்டு மாடியில் மஞ்சுளா குடியிருக்கிறாள். கெலமங்கலத்துப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. இரண்டு வருடமாக கான்ட்ராக்ட். இந்தமுறை பர்மனென்ட் லிஸ்டில் பெயர் வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு மக்கர் செய்தது. மதியம் ஆனால் நெஞ்சை இறுக்குகிறது, மூச்சு பத்தவில்லை என்றாள். டார்கெட்டைப் பார்த்து பயப்படுகிறாய் என்று லைன் லீடர் சொல்லிவிட்டாராம். நேரே என்னிடம் வந்தாள்.

ஏன் என்னிடம்? நான் இந்த விஷயத்தில் அனுபவஸ்தன் ஆயிற்றே! மூன்று வருடம் முன்பு பெங்களூர் பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், உதடு குறுகுறுத்து... கதை முடிந்தது என்றே நினைத்தேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, ‘டென்ஷன்’ என்றார் டாக்டர். நிதானமாக மூச்சுவிடப் பழக்கினார். சரியாகிப் போனது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் ஆலோசனை என்னிடம்தான். இலவசம் வேறு.

விசாரணையை ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறதா? இல்லை. உகாதிக்கு நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போனாயே, அப்போது? ஒருதடவைகூட இல்லை. பிறகென்ன! லீவில் வராமல் வேலை நாளில் மட்டும் வந்தால் அது டென்ஷன்தானே? கேஸ் முடிந்தது.

நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று சொல்லிக்கொடுத்தேன். பாவம், மூன்று வாரம் சிரத்தையாகச் செய்தாள். குறையவில்லை. இருமலும் சேர்ந்துகொண்டது. இன்னும் பழக வேண்டும் என்றேன். கூசாமல்!

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். “எனக்குத்தான் தைரியம் பத்தலீங்கண்ணா. வேலைய வுட்டுடறேன். இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க.”

எழுதினேன். ‘சொந்தக் காரணங்களால்’ என்று அழகான ஆங்கிலத்தில். கிராமர் சுத்தமாக இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமை வேறு.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், மாடிக்கு ஏறும் முதல் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. நான் ஓடிப்போய், “பயப்படாத, எண்ணு... நாலு வரைக்கும்...” என்று ஆரம்பித்தேன்.

பின்னாலேயே வந்த என் மனைவி அவள் முதுகில் கை வைத்தாள். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

“என்னாங்க, விசில் மாதிரி சத்தம் வருது. உங்களுக்கு என்னிக்காச்சும் இப்டி கேட்டுதா?”

கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. எண்ணுவதை நிறுத்தினேன். ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் மஞ்சுளாவின் தோள்கள் தளர்ந்தன. எனக்கும் உயிர் வந்தது. உயிர் வந்தால் வாயும் வருமே... இது டென்ஷன் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை வராது என்றேன்.

மஞ்சுளாவிடம் வேலையைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் டாக்டர் பேனாவை வைத்தார். “அதனாலதான் சார் எனக்கு ஆஸ்துமான்னு சந்தேகமே வருது. லீவு நாள்ல கம்பெனிப் புகையும் இல்லல்ல?”

பயம் கம்பெனியில்தான் இருக்கிறது என்று நினைத்தேன் நான். சால்டரிங் புகையும் அங்கேதானே இருக்கிறது! இது எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் என்னைப் போல அவசரப்படவில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லிப் பார்த்தார். மூச்சின் வேகத்தைக் காட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி நம்பரைக் குறித்துவரச் சொன்னார். டென்ஷனில் விரல் மரக்கும், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதாத மாதிரி இருக்கும். ஆஸ்துமாவில் விசிலும் இருமலும் வரும், மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம் என்றார். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாமாம். அதனால் வீட்டிலேயே யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

நோட்டில் நம்பர்கள் பேசின. வேலை நாளில் மதியத்துக்கு மேல் சரிவு. லீவில் நிமிர்ந்து நின்றன. ஆஸ்துமாதான்.

டாக்டரின் கடிதத்தை ஹெச்.ஆரிடம் கொடுக்க மஞ்சுளா தயங்கினாள். சீக்காளி என்று லிஸ்டில் இருந்து தூக்கிவிட்டால்? நியாயமான பயம். நானும் என் மனைவியும் தைரியம் சொல்லி அனுப்பினோம். இரண்டு வாரம் இழுத்தார்கள். பிறகு புகையே இல்லாத டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதைவிட சந்தோஷம், பழைய லைனில் மற்ற பெண்களுக்காகப் புகை உறிஞ்சும் குழாய் போட்டிருக்கிறார்கள். போன வாரம் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. கொடுக்காமலே வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை என் கையாலேயே கிழிக்கச் சொன்னாள். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பழக்கமாகிவிடுமோ என்று பயந்தவள், இப்போது ஐடி கார்டோடு அதையும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறாள்.

நேற்று மோட்டார் ஓடவில்லை. டேங்க்கைப் பார்க்க மாடி ஏறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மஞ்சுளா என்னைத் தாண்டி ஏறினாள். மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“டென்ஷனாண்ணா? நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி வுடுங்க. ஆமா... ஞாயித்துக்கெழமகூட வருதா?”

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இன்று காலை முதல் வேலையாக டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன்.