அத்தை கையில் பிரேக்

எங்கள் அத்தைக்கு வலது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். ஆனாலும் அந்த இல்லாத காலின் கட்டைவிரல் அவ்வப்போது அரிக்கும். "அரிக்குதுடி, எங்கிட்டுப் போயி சொறிய?" என்று சிரிப்பார். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இல்லை. சொன்னால் நம்பாத இரண்டு தோழிகளை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அன்று பார்த்து அரிக்கவில்லை.

அதையும் தூக்கிச் சாப்பிட்ட அதிசயம் அந்தக் கோடை விடுமுறையில் நடந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா வளைகுடாவில் வேலை பார்த்ததால் எங்களோடுதான் இருந்தார். கீரனூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஊரில் கார் ஓட்டிய முதல் பெண் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காலைப் பறித்த விபத்து நடந்த அன்று மட்டும், தலைவலி என்று அத்தை சாவியை நீட்ட, அப்பா ஓட்டினார். அப்பாவுக்கு ஒரு நகக்கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. கேட்டால் வெயிலில் கண் கூசுகிறது என்பார். மழை நாளிலும் அதையேதான் சொல்வார்.

செயற்கைக்கால் மாட்டி நடக்கப் பழகிவிட்ட அத்தைக்குப் பஸ் படிதான் எதிரி. ஒருநாள் ஏறி முடிப்பதற்குள் பஸ் கிளம்பி, ரோட்டில் விழுந்தார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். அத்தை அசரவில்லை. லேத் பட்டறையில் ஒரு கம்பியை வளைக்கச் சொல்லி ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் மாட்டிக்கொண்டார். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். கிளட்சுக்குத்தான் இடது கால் இருக்கிறதே என்றார். டிரைவிங் ஸ்கூல் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மாதம் கண்மாய்க்கரையில் ஓட்டிப் பழகினார்.

அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "லைசென்ஸ் டெஸ்டுக்கு இந்த ஒரு தடவதான். அவரு முடியாதுன்னு சொல்லிட்டா வண்டிய வித்துருவேன்" என்று தீர்த்துச் சொன்னார். வாங்குவதற்கு ஒருவர் வந்து நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டும் போயிருந்தார். அப்பாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

'அவர்' என்றது பிரேக் இன்ஸ்பெக்டரை. மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் அத்தையின் கைகளை மடக்கி நீட்டிப் பார்த்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் புது லைசென்ஸுக்குக் கடைசி வார்த்தை இவருடையது. பிரேக்கைப் பார்ப்பது மட்டுமே இவர் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அத்தையிடம் புத்தம்புது பிரேக் இருந்ததால் எனக்குப் பயமே இல்லை.

புதுக்கோட்டையில் டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் அன்று நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் குனிந்து காருக்குள் பார்த்தார்.

"ஏம்மா, பிரேக்க எப்படிப் போடுவீங்க?"

"கையால சார்."

"எப்படி, கையக் காட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டு, "நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்று இறங்கி இடம்விட்டு, பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் கம்பியை இழுத்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி இழுத்தார். கை இழுக்கும்போதே கால் தானாகப் போய்க் கீழே பிரேக்கை மிதித்தது. மூன்றாம் தடவை கார் ஒரு வேப்பமரத்தை நோக்கிக் கிளம்பியது. தள்ளுவதா இழுப்பதா என்று அவர் முழிக்க, அத்தை சாவகாசமாக ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினார்.

"ஒங்களுக்கு ரெண்டு காலும் இருக்குல்ல சார், அதான் கஷ்டமா இருக்கு" என்று உண்மையான அனுதாபத்தோடு சொன்னார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் இருந்த மேட்டைக் காட்டினார். பாதி ஏற்றத்தில் அத்தையை நிறுத்தச் சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலைப் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். "பாட்டில் விழுகாம மேல போங்க பாப்போம்."

ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிக்கொடுக்குமே, அப்படித்தான் இருந்தது. இடது கை ஹேண்ட்பிரேக்கை இறக்க, வலது கை கம்பியை இழுக்க, இடது கால் கிளட்சை விட, எது முன் எது பின் என்று கண்ணுக்கே தெரியவில்லை. அந்த ஒரு நொடி ஸ்டியரிங்கில் கையே இல்லை. கார் ஒரு விரற்கடை பின்னால் வரவில்லை. நேரே மேலே போனது. நான் துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் அப்பாவைப் பார்த்தால், அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாஸும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் லைசென்ஸ் உள்ளவங்க யாராச்சும் பக்கத்துல ஒக்காரணும்."

மைதானத்துக்கு வரும்போது காரை ஓட்டிவந்தவர் அந்த டிரைவிங் ஸ்கூல் அண்ணன்தான். அத்தை அவரிடம், "தம்பி, நீங்க பஸ்ல வந்துருங்க" என்றார். அப்புறம் அப்பாவிடம், "அண்ணே, ஒங்கிட்டதான் லைசென்ஸ் இருக்குல்ல? முன்னாடி ஒக்காரு" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்.

நார்த்தாமலைப் பக்கம் ஒரு வளைவு உண்டு. விபத்து நடந்தது அங்கேதான். அத்தை கம்பியை மெல்லத் தள்ள, கார் வேகம் குறைந்து பூப்போலத் திரும்பியது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த நான் அப்பாவின் காலைப் பார்த்தேன். அவர் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனால் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு வளைய, தொடை நடுங்க, முழுப் பலத்தோடு.

"அண்ணே, பிரேக்கு ஏங்கிட்ட இருக்கு. கால எடு" என்றார் அத்தை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளைவு முடிந்து வெகுதூரம் வரை அப்பா காலை எடுக்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கோடை முழுக்க, வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அப்பா மாதிரியே தரையை மிதித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், அப்பா உட்பட. அத்தை மட்டும் ஒருநாள் என் காலைப் பிடித்து நிறுத்தி, "போதும்டி" என்றார்.

இல்லாத கால் அரிக்கிறது என்று அத்தை சொன்னதும் உடனே நம்பிய பெண் நான். இல்லாத அந்த பிரேக்கை அப்பா இரண்டு வருஷமாக மிதித்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை.