சைலன்சருக்கு ஓர் அபிஷேகம்

போன வருடம் புரட்டாசி மாதம் நடந்தது இது. நாங்கள் இருப்பது திருவொற்றியூர் விம்கோ நகரில். என் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டியே ஒரு ஷெட் போட்டு லாரி சைலன்சர் வேலை பார்க்கிறார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகிற லாரிகள் எங்கள் பக்கம் ஓயாமல் ஓடுவதால், சைலன்சர் ஓட்டையாவதும் கழன்று விழுவதும் இங்கே தினப்படி சங்கதி.

நான் எட்டாவது வரைதான் படித்தவள். வீடு, சமையல், கோயில் இதுதான் என் உலகம். ஆனால் ஷெட்டில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. எந்த வேலை முடிந்தாலும், அது வெளியே போகுமுன் நான் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் விளையாட்டாகச் செய்தது, அப்படியே நிலைத்துவிட்டது. டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "யக்கா, சைலன்சருக்கு மஞ்ச நீராட்டா? பந்தி எப்போ?" என்பார்கள். ஆனால் பொட்டு வைக்காமல் யாரும் எடுத்துப் போனதில்லை.

அப்படி ஒரு நாள் காலையில் ஒரு கணவனும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னா சார் இது, இரும்பா, மைசூர்பாகா?"

அந்த மனிதர் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடியாம். சின்ன வயதில் தோணியில் பாய் கட்டி ஓட்டியவர், பிறகு பல வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்திருக்கிறார். சேர்த்ததையெல்லாம் போட்டு, ஆந்திரா பக்கத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறார். அதை ஊருக்குக் கொண்டுபோய், சுற்றுலா வருகிறவர்களைக் கடலில் ஏற்றிக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். எண்ணூர் தாண்டி வரும்போது என்ஜின் புகை வெளியே போகாமல் படகுக்குள்ளேயே சூழ்ந்துவிட்டது. ஒரு மீன்பிடிப் படகில் வந்தவர்கள்தான் கயிறு கட்டி இழுத்துவந்து காசிமேட்டில் விட்டிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் புகை போகிற வளைவுக் குழாய் மொத்தமும் அரித்துக் கையோடு வந்துவிட்டது. அங்கே இருந்த மெக்கானிக்குகள், "எங்க போட்டுல பொகை நேரா மேல போவும். இது எங்களுக்குத் தெரியாது. திருவொற்றியூர்ல ஒரு சைலன்சர்காரர் கீறாரு, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

"காத்து அடிச்சா பாய் போதும் அண்ணாச்சி. ஆனா துறைமுகத்துல இருந்து வெளிய எடுக்கணும்னா என்ஜின் இல்லாம ஒண்ணும் நடக்காது. ஐப்பசி பிறந்தா புயலு, மழை. அதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும்" என்றார் அவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இந்த என்ஜினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்னொண்ணு வாங்க எங்களுக்கு வழி கெடையாதுக்கா. அந்தப் படகுதான் இப்ப வீடும்." கழுத்தில் ஜெபமாலை. பேசும்போது விரல் அதை உருட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாயின் கதையே வேறு. லாரியில் புகை சூடாக அப்படியே வெளியே போய்விடும். இந்தப் படகில் புகை போவது ரப்பர் குழாய் வழியாக. சூட்டில் அது எரிந்துவிடாமல் இருக்க, வளைவிலேயே கடல் தண்ணீரைக் கலந்துவிடுவார்களாம். புகையும் தண்ணீரும் சேர்ந்து படகின் பின்னால் கொட்டும். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார்.

"பொகை போற வழில தண்ணி வுடறதா? எங்க லைன்ல சைலன்சர்ல தண்ணி பூந்தா அது சீக்கு சார். ஒங்களுக்கு அதான் மருந்தா!"

"எனக்கும் பாயைப் பத்தித்தான் தெரியும் அண்ணாச்சி. என்ஜின் பத்தித் தெரிஞ்ச வெவரம் இம்புட்டுத்தான்" என்றார் அவர்.

துருப்பிடிக்காத, கெட்டியான எஸ்.எஸ். பைப் வாங்கிவந்து வேலையை ஆரம்பித்தார். உடைந்த மண்சட்டியை ஒட்டவைத்துப் பார்க்கிற மாதிரி துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து அளவு எடுத்தார். என்ஜினிலிருந்து மேலே ஏறி, ஒரு மேட்டில் வளைந்து, பின்பக்கம் கீழே இறங்குகிற குழாய் அது. பார்ப்பதற்கு வாத்து கழுத்தைக் குனிந்து தண்ணீர் குடிப்பது போல இருக்கும். அதன் மேல் கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய். அதன் வழியாகத்தான் கடல் தண்ணீர் உள்ளே வரும். அந்தச் சின்னக் குழாய் சேர்ந்திருந்த இடம்தான் அதிகமாக அரித்திருந்தது. எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. லாரியில் கிளாம்ப் வைக்கிற பழக்கத்தில், பிடிமானம் நன்றாக இருக்கும் என்று என்ஜின் பக்கத்துக் கழுத்தில் வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. படகு என்ஜினில் எப்படி உட்காருமோ அப்படியே, இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே போட்ட ஒரு பலகையில் ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி நிறுத்தியிருந்தார். புது எஸ்.எஸ். பளபளவென்று மின்னியது. நான் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தேன். வழக்கமாக மேலேதான் ஊற்றுவேன். அன்றைக்கு அந்தச் சின்னக் குழாயின் வாய் என்னைப் பார்த்து, 'எனக்கு ஊற்று' என்று கேட்பது போல இருந்தது. அதற்குள் ஊற்றினேன். வாத்தின் வாய் வழியாகத் தண்ணீர் வரும் என்று பார்த்தால், பலகை ஓட்டை வழியாக என் காலிலேயே கொட்டியது.

"ஏங்க, தண்ணி என் கால்ல ஊத்துதே!"

"வெல்டிங் தூசி போவட்டும்மே. நல்லா ஊத்து" என்று சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். அவர் வேலையில் எனக்கு என்ன தெரியும்? பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன். போகும்போது ஒன்று மட்டும் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ராகு காலம். அது முடியறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க."

"சரிம்மே, சரி. ராகுகிட்ட நீ விசாரிச்சேன்னு சொல்றேன்" என்று வண்டியை உதைத்தார்.

அன்றைக்குப் பிரதோஷம். எங்கள் தெருக்கோடி சிவன் கோயிலுக்குப் போனேன். நான் பிரதோஷத்தைத் தவறவிடுவதே இல்லை. உடம்பு சரியில்லை என்றால்கூட தீபாராதனை பார்க்காமல் திரும்பியதில்லை. அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கருவறைக்கு வெளியே கோமுகி வழியாக விழுகிற தீர்த்தத்தைப் பிடிக்க வரிசையில் நின்றேன். பாலும் பன்னீரும் கலந்து சிறு ஓடையாக வந்து என் சொம்பில் விழுந்தது. எத்தனை குடம் ஊற்றினாலும் ஒரு சொட்டுகூட உள்ளே தங்காமல் வெளியே வந்துவிடுகிறதே, எவ்வளவு பாங்காக வாட்டம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த நொடியே மத்தியானம் என் காலில் கொட்டிய மஞ்சள் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

என் கால் இருந்த இடம் எது? பலகைக்கு அடியில். பலகை இருந்த இடத்தில் படகில் என்ன இருக்கும்? என்ஜின்!

உடனே அவருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவர் வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றி எங்காவது மாட்டிவிடுவார், போனும் அதிலேயே இருக்கும். உள்ளே தீபாராதனைக்குத் திரை போட்டார்கள். 'ஈஸ்வரா, மன்னிச்சுக்கோ' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையில் சொம்போடு வெளியே ஓடிவந்து ஆட்டோ பிடித்தேன்.

"காசிமேடு போப்பா. சீக்கிரம் போ. என் வூட்டுக்காரரு ஸ்டார்ட் பண்றதுக்குள்ள போவணும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னாத்த ஸ்டார்ட் பண்றாரு?"

"கப்பலு."

"சர்தான்! அப்ப நான் ஏரோப்ளேன் ஓட்டணும்" என்று முறுக்கினார் பாருங்கள், லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனதில் என் சொம்புத் தீர்த்தம் பாதி சேலையிலேயே போய்விட்டது. வழியெல்லாம் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுநடுவே, 'ராகு பகவானே, கொஞ்சம் மெதுவாப் போ' என்றும் வேண்டிக்கொண்டேன். ராகு காலம் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. இவ்வளவு சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்? விசைப்படகுகளின் ஓரத்தில் அந்தப் பாய்மரம் உயரமாகத் தெரிந்தது. பார்த்தால் மூன்று பேரும் படகின் மேல்தட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னாமே, சாமி கும்புடப் போனவ இங்க வந்து நிக்கிற?"

"அத ஸ்டார்ட் பண்ணாதீங்க! தண்ணி என்ஜின் பக்கம் வருது!" என்று கரையிலிருந்தே கத்தினேன். அந்த அம்மா கை கொடுத்து என்னைப் படகில் ஏற்றினார். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பலகை மேல நேரா நிக்கிச்சும்மே. இங்க என்ஜின் பின்பக்கம் சாஞ்சி கீது பாரு. தண்ணி தானா பின்னாடி போவும். மாட்டி முடுக்கினதுக்கு அப்புறம் வந்து பேஜாரு பண்றியே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்போலத்தான் இருந்தது.

அந்த அம்மாதான் விடவில்லை. "அக்கா இம்புட்டுத் தொலைவு ஓடி வந்திருக்காவ. ஒரு தரம் கழத்தி ஊத்திப் பாத்தா என்ன அண்ணாச்சி? ராகு காலம் முடியலல்லா?"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். என்ஜின் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் அதன் பக்கத்தில் பிடித்தார். படகுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றினார். நான்கு பேரும் உற்றுப் பார்த்தோம். வாத்தின் வாயில் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனையும் என்ஜின் பக்கத்து வாய் வழியாக என் வீட்டுக்காரரின் லுங்கியில் கொட்டியது.

அவர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஸ்டார்ட் பண்ணிருந்தா உப்புத் தண்ணி நேரா என்ஜினுக்குள்ள போயிருக்கும் சார். அத்தோட என்ஜின் காலி. பொகைக்கு மேடு பள்ளம் கெடையாது, எங்க தள்ளினாலும் போவும். அந்த நெனப்புலயே செஞ்சிட்டேன். தண்ணிக்கு மேடு பள்ளம் கீதே!"

படகுக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து மத்தியானமே ரெடியா இருந்தோம்க்கா. குழாய மாட்டுனதும் ஸ்டார்ட் பண்ணிருப்போம். ராகு காலம்னு ஒண்ணு எங்களுக்குக் கெடையாது. அண்ணாச்சி சொல்லுதாவளேன்னுதான் உக்காந்திருந்தோம். இனிமே எங்களுக்கும் உண்டுன்னு வச்சிக்கிடுங்க."

சொம்பில் மீதி இருந்த தீர்த்தத்தைக் கொடுத்தேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சாப்பிடச் சொன்னார். சீலா மீன் குழம்பு மணத்தது. "புரட்டாசிம்மா" என்றேன். "அதுக்கென்ன, கருப்பட்டிக் காப்பி இருக்குல்லா" என்று ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தார். அப்படி ஒரு காபியை நான் குடித்ததே இல்லை.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அந்தச் சின்னக் குழாயை அறுத்து எடுத்தார். இருந்த ஓட்டையை அடைத்துவிட்டு, மேட்டைத் தாண்டி இறங்குகிற பக்கத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பற்றவைத்தார். முடித்ததும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தாம்மே, ஒன் சொம்ப எடுத்துகினு வா" என்றார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்துப் படகில் இருந்த சாய்வுக்கு நிறுத்தினார். நான் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் வாத்தின் வாய் வழியாகச் சலசலவென்று கொட்டியது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அன்றைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மாட்டி முடித்ததும் அந்த அம்மா ஜெபமாலையை என்ஜின் சாவியில் ஒரு தரம் தொட்டு எடுத்தார். நான் குழாயில் குங்குமம் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் என்ஜின் இரண்டு தரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எல்லாரும் படகின் பின்பக்கம் ஓடிக் குனிந்து பார்த்தோம். முதலில் புகை. பிறகு பொளக் பொளக்கென்று தண்ணீர். பக்கத்துப் படகில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். "கலீஜு தண்ணிங்க அது" என்றேன். "எனக்கு இதான் தீர்த்தம், போம்மே" என்றார்.

மழை பிடிக்குமுன் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார்கள். வேறு ஒன்றும் இல்லை, படகின் பின்னால் தண்ணீர் கொட்டுவது மட்டும்தான். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல், "யக்கா, அபிஷேகம் ஒழுங்கா நடக்குது" என்கிறது.

அன்றைய பிரதோஷத்தில் தீபாராதனை பார்க்காமல் ஓடிவந்தது பல நாள் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது உறுத்தவில்லை. கோமுகியில் தீர்த்தம் பிடிக்கக் குனியும்போதெல்லாம், அன்றைக்குச் சாமி என்னைப் பாதியில் அனுப்பிவிடவில்லை, கூடவே ஆட்டோவில் ஏறி வந்தார் என்றுதான் தோன்றுகிறது.